14 மாதக் குதிரைக்குட்டிக்குச் சேணம் பூட்டலாமா?

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் வசிக்கும் தம்பி ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். திருமண ஊர்வலங்களுக்கும் கோவில் திருவிழாக்களுக்கும் அழைத்துச் செல்வதற்காக அவருடைய மாமா வைத்திருக்கும் வெள்ளைப் பெண் குதிரை, சென்ற ஆண்டு ஓர் ஆண் குட்டியை ஈன்றது. குட்டிக்கு இப்போது 14 மாதம் ஆகிறது. தாயைவிட அரைச் சாண்தான் உயரம் குறைவு. தம் மகனுக்கு 12 வயது, எடையும் 38 கிலோதான் என்பதால், வரும் ஆடித் திருவிழாவில் அவனைக் குட்டியின் மேல் ஏற்றி ஊர்வலத்தில் நடத்திச் செல்லலாமா என்று கேட்கிறார். குட்டி இன்னும் தாயோடு ஒரே கொட்டகையில் இருப்பதையும், நேப்பியர் புல், செம்பனைப் புண்ணாக்கு, தவிடு ஆகியவற்றைத் தின்று வளர்வதையும், கறுப்பாகப் பிறந்தது இப்போது கண்ணைச் சுற்றி நரைக்கத் தொடங்கியிருப்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

தம்பி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆடிக்கு வேண்டாம். அடுத்த ஆடிக்கும் வேண்டாம். குட்டி மூன்று வயதைக் கடந்த பிறகு எடை குறைந்த ஒருவரைச் சிறிது நேரம் ஏற்றிப் பழக்கலாம். நான்கு வயதில் குறுகிய ஊர்வலம் போகலாம். முழு வேலைக்கு ஐந்து, ஐந்தரை வயது ஆக வேண்டும். நான் 34 ஆண்டுகள் குதிரை லாயங்களில் வேலை செய்தவன். அவற்றில் சில ஆண்டுகள், ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பண்ணையில் குட்டி ஈனும் பருவத்தில் இரவுக் காவல் பார்த்திருக்கிறேன். அவசரத்தால் கெட்டுப்போன குதிரைகளை நான் கண்ட அளவுக்கு, பொறுமையால் கெட்டுப்போன குதிரையைக் கண்டதில்லை. ஆகவே விடையோடு நிறுத்தாமல் காரணத்தையும் விரிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

நீங்கள் தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் பால்மரக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கன்று நட்ட மூன்றாம் ஆண்டிலேயே ரப்பர் மரம் நம் தலைக்கு மேல் நிழல் விரித்துவிடும். ஆனாலும் யாரும் அதில் கத்தி வைப்பதில்லை. உயரத்தை யாரும் கேட்பதில்லை. அடிமரத்தில் குறிப்பிட்ட உயரத்தில் நாடா சுற்றிப் பார்த்து, சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்த பிறகே முதல் வெட்டு விழும். அதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகிவிடும். குதிரையின் கணக்கும் அப்படிப்பட்டதே. உயரம் முதலில் வந்துவிடும். உறுதி பின்னால், மிகவும் மெதுவாக வரும். உங்கள் குட்டி இப்போது உயரம் வந்து உறுதி வராத பருவத்தில் நிற்கிறது.

உயரம் ஏன் முதலில் வருகிறது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. குதிரை ஏறத்தாழ 11 மாதம், நாள் கணக்கில் சுமார் 340 நாள் சினையாக இருக்கும். பிறக்கும் குட்டி தாயின் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். 450 கிலோ எடையுள்ள தாய்க்கு 45 கிலோ குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உயரத்தில் மட்டும், பிற்காலத்தில் அது அடையப்போகும் அளவில் 60 சதவிகிதத்துக்கும் மேல் பிறக்கும்போதே வந்திருக்கும். அதிலும் முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்புகள் ஏறக்குறைய முழு நீளத்துடனேயே வந்துவிடுகின்றன. குட்டியைப் பார்த்தவுடன் 'உடம்பெல்லாம் கால்தான்' என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். புல்வெளியில் ஓநாய்க்கும் சிங்கத்துக்கும் இரையாக வாழ்ந்த விலங்கு என்பதால், பிறந்த சில மணி நேரத்திலேயே தாயோடு ஓட முடியாத குட்டி பிழைக்க வழியில்லை. கால் முதலில் வந்தாக வேண்டும். மற்றவை பிறகு வரலாம்.

பெரும்பாலான குதிரைகள் நள்ளிரவுக்கு முன்பின்னாக, சுற்றிலும் அரவமற்ற நேரத்தில்தான் ஈனும். பண்ணையில் நான் முதன்முதலாகக் கையில் ஏந்திய குட்டியின் குளம்புகளைத் தொட்டபோது திடுக்கிட்டேன். குளம்பின் அடியில், இளநீர்க் காயின் வழுக்கையைப் போன்ற மென்மையுடன், வெளிர் மஞ்சள் நிறத்தில் விரல் விரலாகத் தொங்கும் ஒரு திசு இருந்தது. தாயின் கருப்பையையும் பிறப்பு வழியையும் குளம்பின் கூர்மை கிழித்துவிடாமல் காக்கும் உறை அது. குட்டி எழுந்து நாலு அடி வைத்தவுடன் அது தேய்ந்து உதிரத் தொடங்கிவிடும். மறுநாள் தேடினால் கிடைக்காது.

பிறந்த ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் தாயின் நஞ்சுக்கொடி முழுமையாக விழுந்துவிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரை எழுப்ப வேண்டும் என்பது குதிரைக்காரர்களின் பால பாடம். மனிதக் குழந்தைக்குக் கிடைப்பதைப் போல, குதிரைக்குட்டிக்கு நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருப்பையிலேயே தாயின் இரத்தத்திலிருந்து கிடைப்பதில்லை. அவை சீம்பாலில் மட்டுமே வரும். அவற்றை உள்வாங்கும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு முதல் 24 மணி நேரம்தான் உண்டு; அதிலும் முதல் 12 மணி நேரமே சிறந்தது. உங்கள் குட்டி அந்தக் கட்டத்தை நலமாகக் கடந்துவிட்டது. தாய் அடுத்த முறை சினையானால் இதை நினைவில் வைத்திருங்கள்.

முதல் ஆறு மாதங்களின் வேகம் வியக்கத்தக்கது. நல்ல பால் உள்ள தாயிடம் வளரும் குட்டி நாளொன்றுக்கு ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடை கூடும். பிறந்த சில நாள்களில் அது தாயின் சாணத்தை முகர்ந்து தின்னத் தொடங்கும். பார்ப்பவர்கள் அருவருப்படைந்து தடுப்பார்கள், தடுக்கக் கூடாது. புல்லைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்கள் அந்த வழியாகத்தான் குட்டியின் பெருங்குடலில் குடியேறுகின்றன. தாய்ப்பாலின் அளவு இரண்டாம் மாதம் வாக்கில் உச்சத்தை அடைந்து பிறகு குறையும்; அதற்கேற்பக் குட்டியும் புல்லுக்கு மாறும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பால் மறக்கடிப்பது வழக்கம். ஆறாம் மாதத்தில் குட்டி தன் முழு வளர்ச்சி உயரத்தில் ஏறத்தாழ 83 சதவிகிதத்தையும், முழு எடையில் 45 சதவிகிதத்தையும் எட்டியிருக்கும். ஓராண்டில் உயரம் 90 சதவிகிதம். எடையோ 65 சதவிகிதத்தைச் சுற்றியே இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். உங்கள் கண்ணை ஏமாற்றியது அந்த இடைவெளிதான்.

எடையை நீங்களே அளந்து பார்க்கலாம். தையல்காரரின் நாடாவை முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, ஒரு வயதுக் குட்டியானால் 301 ஆல் வகுத்தால் எடை பவுண்டுக் கணக்கில் கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலமும் நீளம் 54 அங்குலமும் இருந்தால் ஏறக்குறைய 646 பவுண்டு, அதாவது 293 கிலோ. மாதம் ஒரு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சீராக ஏறிக்கொண்டே போகும் எண் நல்ல செய்தி. திடீர்ப் பாய்ச்சலும் திடீர்த் தேக்கமும் கவனிக்கப்பட வேண்டியவை.

இனி எலும்புக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. வளரும் எலும்பின் முனையை ஒட்டிக் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கும். அதை வளர்தட்டு என்று சொல்லலாம். எலும்பு நீளுவது இந்தத் தட்டில்தான். வளர்ச்சி முடிந்ததும் தட்டு முழுதும் எலும்பாக மாறி மூடிக்கொள்ளும். மூடும் வரை அந்த இடம் எலும்பைவிட மென்மையானது. அழுத்தமும் முறுக்கும் அங்கேதான் முதலில் காயப்படுத்தும். குதிரையில் இந்தத் தட்டுகள் பொதுவாகக் கீழிருந்து மேலாக மூடுகின்றன. குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில் என்பதையும், குளம்பு என்பது அந்த விரலின் நகம் என்பதையும், முன்னங்கால் 'முட்டி' என்று நாம் சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எளிதாக விளங்கும். விரல் எலும்புகளின் வளர்தட்டுகள் ஏறக்குறைய முதல் ஆண்டுக்குள் மூடிவிடுகின்றன. முட்டிக்குச் சற்று மேலே உள்ள தட்டு மூட இரண்டு முதல் இரண்டரை வயது ஆகும். தோள், தொடை, இடுப்பு எலும்புகளுக்கு மூன்று, மூன்றரை வயது. எல்லாவற்றுக்கும் கடைசியாக மூடுவது முதுகெலும்பு. அதற்கு ஐந்தரை வயது வரையும், பெரிய உடல்வாகு கொண்ட ஆண் குதிரைகளில் அதற்கு மேலும் ஆகும்.

குதிரையின் மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகள் உள்ளன. சேணம் உட்காருவது அவற்றின் மேல்தான். மனிதனை முதுகில் சுமப்பதற்கு எந்தப் பகுதியை நாம் பயன்படுத்துகிறோமோ அந்தப் பகுதியே கடைசியாக முதிர்கிறது என்பதைக் குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பேன். மகனின் எடை 38 கிலோதான் என்று எழுதியிருக்கிறீர்கள். முழு வளர்ச்சி அடைந்த குதிரை, சேணத்தையும் சேர்த்துத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது பொதுவான அளவுகோல்; அதன்படி உங்கள் குட்டியால் இப்போதே சுமக்க முடியும் என்று கணக்குக் காட்டும். ஆனால் அந்த அளவுகோல் வளர்ந்த குதிரைக்கு உரியது. திறந்த வளர்தட்டுகளின் மேல், சமநிலை தெரியாத ஒரு சிறுவன், தார்ச் சாலையில், உறுமிச் சத்தத்துக்கு நடுவே அசைந்து அசைந்து உட்கார்ந்திருக்கும்போது எழும் அழுத்தத்தை அந்தக் கணக்கு சொல்லாது. குட்டி மிரண்டு துள்ளினால் முதலில் அடிபடப் போவது உங்கள் மகன் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு லாயத்தில் என் பொறுப்பில் இருந்த இரண்டு வயதுக் குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். செந்நிறம், நெற்றியில் சின்ன வெள்ளைப் பொட்டு, பார்க்க நான்கு வயதுக் குதிரையின் கட்டுடல். உரிமையாளரும் பயிற்சியாளரும் அதை விரைவில் ஓடவைக்க விரும்பினார்கள். ஒரு நாள் விடியற்காலை கட்டு அவிழ்க்கும்போது வலது முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ளங்கையை வைத்தேன். சோறு வடித்த பானையின் பக்கத்தைத் தொட்டதுபோல் சூடு. நடையில் நொண்டல் இல்லை. எக்ஸ்ரே படத்தில் முட்டிக்கு மேலே வளர்தட்டு கறுப்புக் கோடாகத் திறந்தே கிடந்தது. மருத்துவர் ஆறு மாத ஓய்வு எழுதினார். ஆறு வாரம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அதே முட்டியில் எலும்புச் சில்லு பெயர்ந்து, ஒரு பந்தயம்கூட முழுதாக ஓடாமல் அந்தக் குதிரை லாயத்தைவிட்டுப் போயிற்று. அது லோரியில் ஏறிய அன்று அதன் கால்களுக்குத் துணி சுற்றிக் கட்டியது நான். அந்தச் சூடு இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அப்படியானால் பந்தயத்தில் இரண்டு வயதுக் குதிரைகள் ஓடுகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. சிட்னியில் நடக்கும் கோல்டன் ஸ்லிப்பர் பந்தயம் இரண்டு வயதுக் குதிரைகளுக்கென்றே உள்ளது. இளம் எலும்பு, வேகமாக ஓடும்போது ஏற்படும் தாக்கத்துக்கு ஏற்பத் தன்னை அடர்த்தியாக்கிக்கொள்ளும் என்பதும் உண்மை. குட்டியைக் கொட்டகையில் கட்டியே போட்டு வளர்ப்பது அதன் எலும்புக்கும் மூட்டுக்கும் தசைநாருக்கும் செய்யும் பெரிய கெடுதல். ஆனால் புல்தரையில் குட்டி தானாகப் பாய்ந்து, களைத்தவுடன் தானாக நிற்கும் ஓட்டம் வேறு. நாம் ஏறி உட்கார்ந்து நிறுத்தும் வரை நிற்க முடியாத வேலை வேறு. கயிற்றில் கட்டிச் சின்ன வட்டத்தில் நெடுநேரம் சுற்றவிடுவதும் வளரும் மூட்டுக்குக் கேடு. மேலும் பந்தய லாயங்களில் மருத்துவரும் எக்ஸ்ரேயும் அருகிலேயே இருந்தும் பல இளங்குதிரைகள் நொண்டியாவதை நான் கண்டிருக்கிறேன். மறுபுறம், வியன்னா நகரிலுள்ள ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில் லிப்பிஸானர் இன ஆண் குதிரைகளுக்கு ஏறத்தாழ நான்கு வயதில்தான் சேணப் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். அவற்றில் பல, இருபது வயதைத் தாண்டியும் அரங்கில் நடக்கின்றன. திருமண ஊர்வலக் குதிரைக்குத் தேவை ஒரு நிமிட வேகமா, பதினைந்து ஆண்டு நிதானமா என்பதை மாமாவிடமே கேட்டுப் பாருங்கள்.

தீவனத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு உண்மையான கவலை வந்தது அங்கேதான். சேணத்தைவிட இது அவசரமானது. நேப்பியர் புல்லிலும், அதைவிட அதிகமாகச் செட்டாரியா புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது புல்லில் உள்ள சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குதிரையின் குடலில் சேரவிடாது. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்கு அதே புல் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதற்கு மேல் நீங்கள் தவிடும் செம்பனைப் புண்ணாக்கும் கொடுக்கிறீர்கள். அரிசித் தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். புண்ணாக்கிலும் பாஸ்பரஸே அதிகம். வளரும் குட்டியின் தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் சுண்ணாம்புச்சத்து ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும். எந்த நிலையிலும் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. தலைகீழானால் உடல், இரத்தத்துக்குத் தேவையான சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். முதலில் இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று மாறி மாறி வரும் இலேசான நொண்டல். பிறகு முக எலும்புகள் வீங்கித் தலை பெருத்துக் காணும். பழைய குதிரைக்காரர்கள் 'பெரிய தலை நோய்' என்று சொன்னது இதைத்தான். கண்ணுக்குக் கீழே முகத்தின் இரு பக்கங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். சமமாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா என்பதை வாரந்தோறும் கவனியுங்கள்.

நேப்பியரை முற்றிலும் நிறுத்தச் சொல்லவில்லை. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது அதுதான். ஆனால் அது மட்டுமே உணவாக இருக்கக் கூடாது. வேறு புற்களைக் கலந்து, தவிட்டை நிறுத்தி, சுண்ணாம்புச்சத்து மிகுந்த லூசர்ன் என்னும் குதிரைமசால் காய்ந்த புல்லை நாள்தோறும் கொஞ்சம் சேர்த்து, தாது உப்புக் கலவையின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆட்டுக்கு வெட்டிப் போடும் பெத்தாய் பெலாலாங் என்னும் சவுண்டல் தழையைக் குதிரைக்குப் போட வேண்டாம். அதில் உள்ள மைமோசின் என்ற நச்சு பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்டவைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூட்டையில் வரும் மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் குதிரை எட்டாத இடத்தில் வையுங்கள். அவற்றில் சிலவற்றில் மொனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். குட்டி விரைவாகக் கொழுக்க வேண்டும் என்று தானியத்தை அள்ளிக் கொடுப்பதும் தவறு. எடை எலும்பை முந்தினால் வளர்தட்டுகள் வீங்கும், மூட்டுக் குருத்தெலும்பு சிதையும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் தட்டுப்படும் உடல்வாகுதான் வளரும் குட்டிக்கு அழகு.

அடுத்து, 14 மாத ஆண் குட்டி தாயோடு ஒரே கொட்டகையில் இருக்கிறது என்பது. இதை இந்த வாரமே மாற்றுங்கள். ஆண் குட்டிகள் ஒரு வயதை ஒட்டியும், அதற்குச் சில மாதங்கள் பிறகும் இனப்பெருக்க ஆற்றல் பெற்றுவிடுகின்றன. பகல் நீளம் மாறாத நம் நாட்டில் பெண் குதிரை ஏறக்குறைய ஆண்டு முழுவதும், 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். தாய் மகனாலேயே சினையாகிவிடுவது நடக்காத கதையல்ல. பருவம் வந்த ஆண் குட்டி கடிக்கவும் முன்னங்காலைத் தூக்கவும் தொடங்கும். சில மாதக் குட்டியாக இருந்தபோது பெரிய குதிரைகளை நெருங்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டி, உதட்டைச் சுருக்கி, 'நான் சின்னவன், அடிக்காதே' என்பதுபோல் பற்களைத் தட்டித் தட்டி மென்றிருக்குமே, அந்தப் பணிவு இந்த வயதில் மறைந்துவிடும். பொலி குதிரையாக வைத்துக்கொள்ளும் எண்ணமும் வசதியும் இல்லையென்றால், ஊர்வலத்துக்குப் போகும் குதிரைக்குக் காயடிப்பதே நல்லது. மருத்துவரைக் கொண்டு, மயக்க மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்ட பிறகே செய்ய வேண்டும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் பற்றும். பற்றினால் பிழைப்பது அரிது. பேராவில் குதிரை மருத்துவம் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றால், செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையைக் கேட்டுப் பாருங்கள்.

குட்டியின் வயதை நம்பகமாகச் சொல்வது அதன் பல். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சொந்தக் குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் நடு வெட்டுப்பற்கள், ஆறு வாரம் வாக்கில் அவற்றை அடுத்தவை, ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் ஓரத்துப் பற்கள் என்று பால் பற்கள் வரும். இரண்டரை வயதில் நடுப்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கும். மூன்றரையில் அடுத்த இணை, நான்கரையில் ஓரத்து இணை. ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். ஆண் குதிரைக்குக் கோரைப் பற்களையும் சேர்த்துப் பொதுவாக 40 பற்கள். வாய் நிறையும் வயதும் முதுகெலும்பு முதிரும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக வருவது நமக்கு வசதி. இரண்டரைக்கும் நான்குக்கும் இடையே பால் கடைவாய்ப்பற்கள் விழும்போது வாயில் புண்ணும் வலியும் இருக்கும். அந்த நாள்களில் கடிவாளத்துக்குத் தலையை உதறினால் அதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிக்காதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள்.

இரண்டு வயது வரை குட்டிக்குப் பள்ளிக்கூடம் தரையில்தான். கழுத்துக் கயிற்றுக்கு நடப்பது, நாலு காலையும் தூக்கிக் காட்டுவது, ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு செதுக்கும்போது அமைதியாக நிற்பது, லோரியில் ஏறி இறங்குவது ஆகியவை போதும். லாடம் இப்போது தேவையில்லை. இரண்டரை வயதில் வெறும் துணியையும், பிறகு ஆளில்லாத இலேசான சேணத்தையும் முதுகில் வைத்துப் பழக்கலாம். மூன்று, மூன்றரை வயதில், ஏறத் தெரிந்த, எடை குறைந்த ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள், பதினைந்து இருபது நிமிடம் நேர்வழியில் நடத்தட்டும். அப்போது உங்கள் மகனுக்கு 14 வயது ஆகியிருக்கும். அவன் இதற்கிடையில் வளர்ந்த குதிரை ஒன்றில் ஒழுங்காக ஏறக் கற்றிருந்தால், குட்டியைப் பழக்க அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். நான்கு வயதில் அரை மணி நேர ஊர்வலம். மாப்பிள்ளையின் எடையும் அலங்காரச் சேணத்தின் எடையும் ஐந்து வயதுக்கு மேல்தான்.

குட்டி நரைப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது நோயல்ல. வெள்ளைக் குதிரைகள் என்று நாம் சொல்பவற்றில் மிகப் பெரும்பாலானவை கறுப்பாகவோ செந்நிறமாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்து வெளுப்பவை. தாயிடமிருந்து அந்த மரபணு வந்திருக்கிறது. முதலில் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் நரைக்கும். பிறகு உடலில் வட்ட வட்டமான புள்ளிகளோடு சாம்பல் நிறம் படரும். ஆறு முதல் பத்து வயதுக்குள் நன்றாக வெளுத்துவிடும். தோட்டத்து மதுரை வீரன் கோவிலில் சுதையால் செய்து வைத்திருக்கும் வெள்ளைக் குதிரையைப் போல உங்கள் குட்டியும் ஒரு நாள் நிற்கும். அதற்கும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். வெளுத்த குதிரைகளுக்கு வயதான பிறகு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வருவது உண்டு என்பதால் குளிப்பாட்டும்போது அங்கே பார்க்கும் பழக்கத்தை மாமா வைத்துக்கொள்ளட்டும்.

குடற்புழு மருந்தையும் தடுப்பூசியையும் மருத்துவரின் அட்டவணைப்படி கொடுங்கள். நம் ஈரமண்ணில் புழு ஒருபோதும் ஓய்வதில்லை. மாட்டு ஈ கடித்துப் பரப்பும் சுர்ரா காய்ச்சல் இங்கே உண்டு என்பதால் காரணமில்லாத இளைப்பையும் கால் வீக்கத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

ஆடித் திருவிழாவுக்குக் குட்டியைக் கொண்டு போகவே கூடாதா என்றால், கொண்டு போகலாம். முதுகில் ஆளில்லாமல், மாலை போட்டு, கையில் பிடித்து. தாய் முன்னால் போகட்டும். அன்று அது பருவத்தில் இருந்தால் குட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே உறுமி அடிக்கும் பிள்ளைகளிடம் சொல்லி, திடலின் மறுகோடியில் நின்று மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். குட்டி காதைத் திருப்பிவிட்டுப் புல் மேயத் தொடங்கிய பிறகு பத்து அடி நெருங்கச் சொல்லுங்கள். தலையைத் தூக்கி மூக்கு விடைத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். வெயில் தாழ்ந்து, தார்ச் சாலையில் வெறுங்காலோடு நிற்க முடிகிற நேரத்தில் புறப்படுங்கள். பெரியவர் ஒருவர் முதன்மைக் கயிற்றைப் பிடிக்கட்டும். உங்கள் மகன் குட்டியின் இடது தோளுக்குப் பக்கத்தில், அதன் பார்வையில் படும்படி நடக்கட்டும். பட்டாசு கொளுத்தும் முச்சந்திக்கு வரும் முன்பே இருவரையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.